கூடு மாறிய அவதார்

2008 ஜூலை 18 அன்று அமெரிக்காவின் நிக்கலோடியன் சேனலில் ஒரு விசித்திரமான அத்தியாயம் ஒளிபரப்பானது. 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' கார்ட்டூனின் நாயகர்கள், இறுதிப் போருக்குச் சில நாள் முன்பு, எதிரி நாட்டுத் தீவொன்றில் நாடகம் பார்க்கப் போகிறார்கள். நாடகமே அவர்களைப் பற்றியதுதான். மேடையில் பன்னிரண்டு வயது நாயகன் ஆங்காக ஒரு பெண் துள்ளிக் குதிக்கிறாள். கண் தெரியாத சிறுமி டோஃபாக ஒரு முரட்டுப் பயில்வான் வந்து நிற்கிறான். ஆங்குக்கு எரிச்சல், தோழி கட்டாராவுக்குக் கூச்சம், எதிரணியிலிருந்து மாறிவந்த சூகோவுக்குப் பழைய குற்றங்களின் குறுகுறுப்பு. டோஃபுக்கு மட்டும் ஒரே கொண்டாட்டம். தன்னை இதைவிடச் சிறப்பாக எவராலும் காட்டியிருக்க முடியாது என்பது அவள் கட்சி. முடிவில் தீ வேந்தன் அவதாரைக் கொல்கிறான். அரங்கம் ஆரவாரிக்கிறது.

மறுநாள் 61 அத்தியாயங்களோடு தொடர் நிறைவடைந்தது. இரண்டே வருடத்தில் அந்த நாடகக் கேலி பலித்துவிட்டது. 2010 ஜூலை 1 அன்று எம். நைட் ஷியாமளன் இயக்கத்தில், நிஜ மனிதர்கள் நடித்த 'தி லாஸ்ட் ஏர்பெண்டர்' திரைக்கு வந்தபோது, கார்ட்டூனோடு வளர்ந்த பிள்ளைகள் ஆங்கின் அதே எரிச்சலோடு அரங்குகளில் உட்கார்ந்திருந்தார்கள். 2024 பிப்ரவரி 22-இல் நெட்ஃபிளிக்ஸ் எட்டு அத்தியாயங்களில் அதே கதைக்கு இன்னொரு முறை உடல் கொடுத்தது.

குழந்தைப் பருவக் கார்ட்டூன்கள் மனித உடலெடுப்பது ஹாலிவுட்டில் இப்போது அன்றாட வியாபாரம். பெரும்பாலானவற்றில் பேச்சு வசூலோடு முடிந்துவிடும். இந்தக் கதை அவ்வளவு சுலபமாக விடாது. ஒரே உயிர் உடல் மாற்றி உடல் வருவதுதான் இதன் கருப்பொருளே. மறுபிறவி எடுத்து வந்திருப்பது அதே ஆள்தானா, எதை வைத்து அடையாளம் காண்பது, முற்பிறவியின் கடமை இப்பிறவியைக் கட்டுப்படுத்துமா என்று ஆங்கை நோக்கி எழும் கேள்விகள் அத்தனையும் அவனைப் பற்றிய படங்களை நோக்கியும் எழுகின்றன.

மைக்கேல் டான்டே டிமார்ட்டினோ, பிரையன் கோனியெட்ஸ்கோ என்ற இருவர் உருவாக்கிய தொடர் 2005 பிப்ரவரி 21-இல் தொடங்கியது. காற்று, நீர், நிலம், நெருப்பு என நான்கு மக்கள். ஒவ்வொரு மக்களிலும் சிலர் தங்களுக்குரிய பூதத்தை உடலசைவால் ஆளத் தெரிந்தவர்கள். அந்த அசைவுகள் கைபோன போக்கில் வரைந்தவை அல்ல. நீருக்குத் தாய்ச்சி, நிலத்துக்கு ஹுங் கா, நெருப்புக்கு வடக்கு ஷாவோலின், காற்றுக்குப் பாகுவா என்று சீனத் தற்காப்புக் கலைகளை ஓர் ஆசானின் மேற்பார்வையில் பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். நான்கையும் ஆளவல்லவர் உலகில் ஒருவரே, அவர்தான் அவதார். அவர் இறந்தால் வரிசையில் அடுத்துள்ள மக்களிடையே பிறப்பார். ஆங் காற்று நாடோடித் துறவிகளிடையே பிறந்தவன். பன்னிரண்டு வயதில் மடத்தைவிட்டு ஓடி, புயலில் சிக்கி, பனிக்கட்டிக்குள் நூறாண்டு உறைந்து கிடக்கிறான். எழுந்து பார்த்தால் தீ நாட்டுப் படை அவன் இனத்தையே பூண்டோடு அழித்துவிட்டிருக்கிறது.

அவன்தான் அவதார் என்று மடம் எப்படிக் கண்டுகொண்டது? ஆயிரக்கணக்கான பொம்மைகளுக்கு நடுவே நான்கை மட்டும் அவன் எடுத்தான். முந்தைய அவதார்கள் குழந்தைகளாக இருந்தபோது எடுத்த அதே நான்கு. இது எங்கிருந்து வந்தது என்பதில் ஒளிவுமறைவே இல்லை. 1937-இல் திபெத்தின் அம்தோ பகுதியிலுள்ள தக்த்சேர் கிராமத்துக்கு மாறுவேடத்தில் வந்த தேடல் குழு, இரண்டு வயதுப் பையன் முன்னால் 13-ஆம் தலாய் லாமாவின் ஜெபமாலை முதலிய பொருள்களை, அவற்றைப் போன்ற வேறு பொருள்களோடு கலந்து வைத்தது. பையன் சரியானவற்றை எடுத்தான். அவர்தான் இன்றைய 14-ஆம் தலாய் லாமா, டென்சின் கியாட்சோ. ஆங்கை வளர்த்த துறவியின் பெயரும் கியாட்சோ.

ஆகவே இது தசாவதாரக் கணக்கில் சேராது. விஷ்ணுவின் அவதாரங்களில் ஒருவர் செத்தால்தான் அடுத்தவர் என்ற விதி கிடையாது. மிதிலையிலிருந்து திரும்பும் வழியில் பரசுராமனும் ராமனும் நேருக்கு நேர் நின்றார்கள். ஆங்கின் உலகம் பௌத்தர்களின் பழைய விளக்கு உவமையைச் சேர்ந்தது. மறுபடி பிறப்பவன் அதே ஆளா, வேறு ஆளா என்று கேட்ட மிலிந்த மன்னனிடம், இரவெல்லாம் எரியும் விளக்கின் முதற்சாமச் சுடரும் கடைச்சாமச் சுடரும் ஒன்றா வேறா என்று துறவி நாகசேனர் திருப்பிக் கேட்டதாக மிலிந்தபன்ஹா சொல்கிறது. ஒன்றும் அல்ல, வேறும் அல்ல என்பது அவர் தரப்பு. எதிர்த்தரப்பு இதை லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. தமிழில் நீலகேசியும் சிவஞான சித்தியாரின் பரபக்கமும் பௌத்தர்களோடு மல்லுக்கு நின்ற இடங்களில் இதுவும் ஒன்று: நிலையான உயிர் என்று ஒன்று இல்லாவிட்டால், வினை செய்தவன் ஒருவன், பலனை அனுபவிப்பவன் இன்னொருவன் என்று ஆகிவிடாதா?

ஆங்கின் தொடர் இதில் வாயே திறக்கவில்லை. ஒரு பிறவியிலிருந்து அடுத்த பிறவிக்கு என்னதான் போகிறது என்பதை அப்படியே விட்டுவிட்டது. அதன் தொடர்ச்சியான 'தி லெஜண்ட் ஆஃப் கோரா' 2013-இல் அதற்கு விடை சொல்லிவிட்டது. ராவா என்ற ஒளி ஆவி முதல் அவதாரோடு கலந்து, பிறவிதோறும் கூடவே வருகிறதாம். சித்தியார் பாடிய அருணந்தி சிவாச்சாரியார் கட்சி ஜெயித்தது என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கதைக்கு அது நஷ்டம். விடை சொல்லாதவரை ஆங்குக்கு அந்தக் கேள்விக்குள் நடமாட இடம் இருந்தது.

அந்த இடத்தில்தான் 2008-இன் நான்கு பகுதி இறுதிக்கதை நடக்கிறது. தீ வேந்தன் ஓசாயைத் தடுத்தாக வேண்டும். தடுப்பது என்றால் என்ன என்று சுற்றியிருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஒத்திகைக்காக ஓர் உருவ பொம்மை செய்து, தலையாகத் தர்ப்பூசணியை வைத்து, இதுதான் ஓசாய், முடித்துவிடு என்கிறார்கள். ஆங் பாய்ந்து வருகிறான். கடைசி அடிக்கு முன் கை நின்றுவிடுகிறது. கட்டாராவின் அண்ணன் சொக்கா வாளை உருவி, எப்படி என்று ஒரே வெட்டில் காட்டுகிறான். புலால் உண்ணாத துறவிப் பிள்ளைக்குப் பழத்தைக்கூட அந்தப் பெயர் சொல்லிப் பிளக்க முடியவில்லை.

அவன் தன் முற்பிறவிகளிடம் யோசனை கேட்கிறான். ரோக்கு, ஒருகாலத்தில் தன் உயிர் நண்பனாக இருந்த பழைய தீ வேந்தனைத் தொடக்கத்திலேயே ஒடுக்காமல் விட்டவர். அந்தத் தயக்கத்தின் விலைதான் இந்த நூறாண்டுப் போர் என்கிறார். கியோஷிக்குச் சந்தேகமே கிடையாது, நீதி கிடைத்தால்தான் அமைதி. குருக் தன் மெத்தனத்தால் காதலியைப் பறிகொடுத்தவர். கடைசியாக, நம்பிக்கையோடு, ஆங் யாங்சென்னை அழைக்கிறான். அவளும் காற்று நாடோடி, அதே அகிம்சையில் வளர்ந்தவள், அவளுக்காவது புரியும். அவள்தான் நால்வரிலும் கடுமையாகப் பேசுகிறாள். பற்றறுத்து விடுதலை தேடுவது மற்றத் துறவிகளுக்கு ஆகும், அவதாருக்கு ஆகாது. உலகத்துக்குச் செய்ய வேண்டிய கடமைக்காக உன் ஆன்மிகத்தையே பலி கொடு என்பது அவள் சொன்னதன் சாரம்.

வில்லைக் கீழே வைத்த அர்ஜுனன் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டான். ஆனால் குருட்சேத்திரத்தில் உபதேசித்தவன் தேரோட்டி, கேட்டவன் தேரில் இருந்தவன். இங்கே உபதேசிக்கும் நால்வரும் கேட்கும் பையனே. அவர்களும் அவனும் ஒரே ஆள் என்றால், அவன் தன் தீர்ப்பையே மீறுகிறான். வேறு வேறு ஆள் என்றால், நான்கு பெரியவர்கள் சொன்ன யோசனை அது, கேட்கலாம், விடலாம். நாகசேனரின் விடை பண்டிதர்களின் வாதத்திலிருந்து இறங்கி வந்து ஒரு சின்னப் பையனின் மூச்சை முட்டவைக்கிறது. காந்தி கீதையை அவரவர் நெஞ்சுக்குள் நடக்கும் போராக வாசித்தார். ஆங்குக்கு அந்த வழியும் அடைப்பு. ஓசாய் நிஜமாகவே நாடுகளைக் கொளுத்தக் கிளம்பிவிட்டான்.

கதை அவனைக் காப்பாற்றிய விதம் பலருக்கு இன்றும் உறுத்தல். தீவு அளவுக்குப் பெரிய, ஆதிகாலத்துச் சிங்க ஆமை ஒன்று வந்து, ஒருவனின் உள்ளாற்றலையே ஆளும் வித்தையைக் கொடுக்கிறது. ஆங் ஓசாயைக் கொல்லாமல் அவன் நெருப்பை மட்டும் எடுத்துவிடுகிறான். சௌகரியமான நேரத்தில் முளைத்த தீர்வு என்ற குற்றச்சாட்டில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதியைக் கவனிக்க வேண்டும்: அந்த வித்தையைச் செய்பவன் மனம் சற்று வளைந்தாலும் அவனே அழிவான். கொல்லாமைக்காக ஆங் பணயம் வைப்பது தன்னை. இருந்தும், ஒருவனின் பிறவித் திறனைப் பிடுங்குவது இம்சை இல்லையா என்று ஒரு சமணர் கேட்டால் தொடரிடம் பதில் இல்லை. அதன் மரபும் அவ்வளவு தூய்மையானதில்லை. முதல் பருவத்திலேயே ஆங் தன் ஆசான் கியாட்சோவின் எலும்புக்கூட்டைக் காண்கிறான். சுற்றிலும் தீ நாட்டு வீரர்களின் மிச்சங்கள் குவிந்து கிடக்கின்றன. அந்தச் சாந்தமான கிழவர் சும்மா சாகவில்லை.

இவ்வளவையும் நிஜ உடல்களுக்கு மாற்ற ஷியாமளனைவிடப் பொருத்தமானவர் ஹாலிவுட்டில் கிடைத்திருக்க மாட்டார். 1970-இல் மாஹேயில் பிறந்தவர். தந்தை மலையாளி, தாய் தமிழர். வளர்ந்தது பென்சில்வேனியாவில், படித்தது கிறிஸ்தவப் பள்ளிகளில். முதல் படமான 'பிரேயிங் வித் ஆங்கர்' (1992) சென்னையில் எடுக்கப்பட்டது; இந்தியாவுக்கு வரும் அமெரிக்க இந்திய மாணவனாக அவரே நடித்திருந்தார். இந்தக் கார்ட்டூனை அவருக்குக் காட்டியது அவருடைய மகள். இத்தனை பொருத்தத்தின் விளைவு: 15 கோடி டாலர் செலவு, உலகெங்கும் சுமார் 32 கோடி டாலர் வசூல், மோசமான படம், மோசமான இயக்குநர் உட்பட ஐந்து ராஸி விருதுகள். ஜேம்ஸ் கேமரூன் முந்திக்கொண்டதால் தலைப்பிலிருந்து 'அவதார்' என்ற பெயர்கூடப் போய்விட்டது.

ஆசிய முகங்களாக வரையப்பட்ட நாயகர்களுக்கு வெள்ளைக்கார நடிகர்களையும், கொடுமைக்கார தீ நாட்டுக்குத் தேவ் படேல், ஆசிஃப் மாண்ட்வி போன்றவர்களையும் போட்டதை எதிர்த்துப் படம் வருவதற்கு முன்பே ரசிகர்கள் கிளம்பிவிட்டார்கள். நியாயமான கோபம். ஆனால் நடிகர்களை மாற்றியிருந்தாலும் படம் தேறியிருக்காது. கார்ட்டூனில் நிலத்தை ஆள்பவர்களை நடுக்கடலில் உலோகத் தளத்தில் அடைத்து வைத்தார்கள், கைக்கு ஒரு பிடி மண் அகப்படாத இடம். படத்திலோ சுற்றிலும் கல்லும் மண்ணும். உங்கள் காலடியிலேயே பூமி இருக்கிறது என்று ஆங் வந்து நினைவூட்ட வேண்டியிருக்கிறது. பிறகு ஒரு கும்பலே சேர்ந்து கைகாலை உதறி ஒற்றைப் பாறையை மெல்ல மிதக்கவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக ஆங் சிரிப்பதே இல்லை. கார்ட்டூன் ஆங் நூறாண்டு உறக்கத்திலிருந்து விழித்ததும் கட்டாராவிடம் முதலில் கேட்பது, பெங்குவின் மேல் சறுக்கி விளையாட வருகிறாயா என்று.

ஆவடுதுறை அருகே சாத்தனூரில் இறந்துகிடந்த இடையன் மூலனின் உடலுக்குள் யோகி புகுந்த கதையைப் பெரியபுராணம் சொல்கிறது. மாடுகள் மூலன் எழுந்துவிட்டான் என்று மகிழ்ந்தன. மாலையில் மனைவி வந்தாள். அதே முகம், அதே உடல். தொடப் போனவளை அவர் தடுத்து, எனக்கும் உனக்கும் உறவில்லை என்றார். 2010-இல் ரசிகர்களின் நிலை அந்தப் பெண்ணின் நிலை. மொட்டைத்தலை, நெற்றியில் பச்சைகுத்தல், பறக்கும் எருமை எல்லாம் இருந்தன. வீட்டுக்கு அழைத்துப் போக ஆள்தான் இல்லை. சாத்தனூர்ப் பெரியவர்கள் வந்து பார்த்தபோது உள்ளே இருப்பவர் பெரிய யோகி என்று தெரிந்தது. ஷியாமளன் படத்துக்குள் அப்படி யாரும் அகப்படவில்லை.

ஓர் இடம் தவிர. கார்ட்டூனின் முதல் பருவ முடிவில் ஆங் கடலின் ஆவியோடு கலந்து, பேருருவாகி, தீ நாட்டுக் கப்பற்படையை அடித்து நொறுக்குகிறான். கப்பல்களில் ஆட்கள் இருந்தார்கள். ஒரு பழத்தை உடைக்கத் தயங்கும் பையன் இரண்டு பருவங்களுக்கு முன் எத்தனை பேரை மூழ்கடித்தான் என்று தொடர் பிறகு கேட்கவே இல்லை. ஷியாமளன் அந்தக் காட்சியை மாற்றினார். படத்தின் ஆங் நகரத்தைவிட உயரமாக ஓர் அலையை எழுப்பி, கப்பல்களின் மேல் சரிக்காமல் நிறுத்துகிறான். படை பயந்து பின்வாங்குகிறது. அலை மெல்லக் கடலுக்குத் திரும்புகிறது. உலகமே காறித்துப்பிய படம் அந்தச் சில நிமிடங்களில் மூலத்தைவிட மூலத்தின் கொள்கைக்கு உண்மையாக இருந்தது. இதற்கு எந்த விருதும் கிடைக்கவில்லை, கிடைக்க வேண்டும் என்றும் சொல்ல முடியாது.

நெட்ஃபிளிக்ஸ் 2010-இன் தவறுகளைப் பட்டியல் போட்டுத் திருத்தியது. ஆசிய, பழங்குடி வம்சாவளி நடிகர்கள், கார்டன் கோர்மியர் என்ற பையனுக்குச் சிரிப்பு, செலவுக்குக் குறைவில்லை. அவர்கள் கைவைத்தது வேறிடத்தில். கார்ட்டூனில் ஆங் ஓடிப்போனான். தன்னை கியாட்சோவிடமிருந்து பிரிக்கப் போகிறார்கள் என்று தெரிந்து, பயந்து, இரவோடு இரவாக ஓடினான். அந்த ஓட்டம்தான் கதை முழுக்க அவன் நெஞ்சில் முள். 2024-இன் ஆங் ஓடுவதில்லை. மனம் தெளியக் கொஞ்ச நேரம் பறந்துவிட்டு வரலாம் என்று கிளம்பி, புயலில் மாட்டிக்கொள்கிறான். பார்க்கச் சின்ன மாற்றம். ஆனால் பௌத்தத்தில் வினை என்பது உடல் செய்தது மட்டுமில்லை, உள்ளம் நினைத்ததுதான் வினை. ஓடிப்போக எண்ணியவனுக்கு வினை உண்டு. காற்று வாங்கப் போனவனுக்கு விபத்து மட்டுமே உண்டு. சொக்காவின் ஆணாதிக்கப் பேச்சையும் இதே கரிசனத்தோடு குறைத்ததாக நடிகர்களே பேட்டியில் சொன்னார்கள். திருந்துவதற்கு ஏதாவது மிச்சம் இருந்தால்தானே பையன்கள் திருந்த முடியும்!

இதற்கு நேர்மாறாக, இம்சையை மட்டும் அவர்கள் கூட்டிவிட்டார்கள். தொடர் தொடங்கிய உடனேயே தீ வேந்தன் சோசின் ஒரு கைதியை உயிரோடு எரிக்கிறான். கார்ட்டூன் எலும்புக்கூட்டை மட்டும் பேசாமல் காட்டியது; இங்கே காற்றுக் கோயிலின் படுகொலையே கண்முன் நடக்கிறது. கோட்டால் வரைந்த உடல் எரிவது ஒரு செய்தி. சதை கருகுவது வேறு அனுபவம். அகிம்சையைப் பற்றிய கதையில் இந்த வேறுபாடு வெறும் அழகியல் சமாச்சாரம் ஆகாது. வலி எவ்வளவு நிஜமாகத் தெரிகிறதோ, பழிவாங்கும் ஆசையும் பார்ப்பவனுக்குள் அவ்வளவு நிஜமாகிறது.

இவற்றில் எது உண்மையான மறுபிறவி என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? திபெத்தில் இது ரத்தமும் சதையுமான அரசியல். லாமாக்கள் மறுபிறவி எடுக்க அரசின் ஒப்புதல் வேண்டும் என்று சீனா 2007-இல் ஆணையே போட்டது. தன் வாரிசை அடையாளம் காணும் உரிமை தன்னுடைய கதேன் போட்ராங் அறக்கட்டளைக்கு மட்டுமே என்று தலாய் லாமா 2025 ஜூலையில் அறிவித்தார். ஹாலிவுட்டில் அந்த ஆணைக்கு உரிமம் என்று பெயர், அது கம்பெனியின் கையில் இருக்கிறது. ஆங்கை முதலில் வரைந்த டிமார்ட்டினோவும் கோனியெட்ஸ்கோவும் நெட்ஃபிளிக்ஸ் தொடரில் சேர்ந்து, ஒத்துவராமல் 2020-இல் வெளியேறினார்கள். பொம்மைகளைப் பரப்பி வைத்துப் பார்க்கக் கடைசியில் மிஞ்சியவர்கள் ரசிகர்கள்தான்.

திபெத்தியர்களிடம் இதற்கு இன்னொரு வழியும் உண்டு. ஒரு லாமா ஒரே பிள்ளையாகத்தான் திரும்பி வர வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. 1892-இல் மறைந்த ஜம்யாங் கியென்ட்சே வாங்போவுக்கு உடல், வாக்கு, மனம் எனப் பிரிந்து பல மறுபிறவிகள் அங்கீகரிக்கப்பட்டன. பெர்னார்டோ பெர்டோலூச்சியின் 'லிட்டில் புத்தா' (1993) இதை வைத்தே மூன்று குழந்தைகளின் கதையைச் சொன்னது. அதற்கு ஆலோசகராக இருந்த சோங்சர் கியென்ட்சே அதே வாங்போவின் வழிவரிசையில் வந்த மறுபிறவியாகக் கருதப்படுபவர். பிற்பாடு 'தி கப்' (1999) எடுத்துத் தானே இயக்குநரானார். அவரைப் போன்ற ஒருவரிடம் ஆங்கின் வழக்கைக் கொண்டுபோனால், 2024-க்கு உடல் வந்திருக்கிறது, 2010-க்கு அந்த ஓர் அலையளவு மனம் வந்திருக்கிறது என்று பிரித்துக் கொடுக்கக்கூடும்.

நெட்ஃபிளிக்ஸ் 2024 மார்ச்சிலேயே இரண்டாம், மூன்றாம் பருவங்களை உறுதி செய்துவிட்டது. முதல் பருவத்தை நடத்திய ஆல்பர்ட் கிம் விலகி, பொறுப்பு வேறு கைகளுக்குப் போயிற்று. மூன்றாவது பருவம் என்றால் கார்ட்டூன் கணக்குப்படி ஓசாய். அவனாக நடிப்பவர் டேனியல் டே கிம், பார்வையிலேயே பயம் காட்டத் தெரிந்த நடிகர். ஆட்களை எரித்துக் காட்டித் தொடங்கிய தொடர், அவனை உயிரோடு விடச் சொல்லிப் பார்வையாளர்களைச் சம்மதிக்கவைக்க வேண்டும். வரைந்த வில்லனை மன்னிப்பதற்கு ஒரு சிங்க ஆமை போதுமானதாக இருந்தது. ஓடிப்போன குற்றம் இல்லாத, அதனால் மன்னிப்பின் தேவையைத் தன்மேல் அறியாத இந்தப் புது ஆங், நான்கு முற்பிறவிகளும் கொல் என்று சொல்லும்போது மாட்டேன் என்பதற்கு எந்தக் காரணத்தைச் சொல்வான் என்பதைத் திரைக்கதை எழுதுகிறவர்கள்தான் கண்டுபிடித்தாக வேண்டும்.